எத்தனை தவறைத் தாங்கும்?

2014 டிசம்பர் 20, சனிக்கிழமை இரவு. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள். மாசாயில் ஒரு மாமாக் கடை. பெரிய திரையில் புக்கிட் ஜாலில் அரங்கம். தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்று, இரண்டாவது ஆட்டம். மூன்று நாட்களுக்கு முன்பு பேங்காக்கில் தாய்லாந்திடம் 0-2 என்று தோற்றிருந்தோம். இப்போது 58ஆவது நிமிடத்தில் சஃபிக் ரஹிம் தன் இரண்டாவது கோலை அடித்ததும் ஆட்டம் 3-0. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 3-2. மேசைகள் குலுங்கின. யாருடைய தே தாரேயோ என் கால்சட்டையில்.

பக்கத்து மேசையில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர். 75ஆவது நிமிடம் இருக்கும். திரையைப் பார்த்துக் கத்தினார்: "போதும் லா! எல்லாரும் கீழ வாங்க. அடைச்சு ஆடுங்க. கப்பு நம்மளது."

82ஆவது நிமிடத்தில் சாரில் சப்புய் கோல் அடித்தார். கடையில் சத்தமே இல்லை. 87ஆவது நிமிடத்தில் சனாதிப். மொத்தக் கணக்கு 3-4. கோப்பை தாய்லாந்துக்கு.

அதே அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மடையன் லா இந்தக் கோச்சு. எவனாச்சும் மூணு கோல் அடிச்சுட்டு அடைக்கப் போவானா? நாலாவதை அடிச்சிருக்கணும்."

பதினைந்து நிமிடத்துக்குள் ஒரே மனிதர், ஒரே முடிவைப் பற்றி, இரண்டு தீர்ப்பு. இரண்டையும் முழு மனதோடுதான் சொன்னார். அன்று நானும் தலையாட்டினேன், இரண்டு தடவையும். காற்பந்தைப் பற்றி நாம் பேசுவதிலும் எழுதுவதிலும் பாதி இந்த அண்ணனின் முறைதான் என்று பின்னாளில் தோன்றியது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பயிற்றுநர் எடுக்கும் தற்காப்பு முடிவை நாம் மதிப்பிடுவதே இல்லை. கோல் விழுந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமான காரணத்தைப் பின்னால் ஒட்டுகிறோம். விழாவிட்டால் 'நிதானம்', விழுந்தால் 'கோழைத்தனம்'.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. 1988இல் ஜோனத்தன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு மருத்துவர் ஒரு சிகிச்சை முடிவு எடுக்கிறார். அவருக்குத் தெரிந்த தகவல் ஒன்றே, எடுத்த முடிவும் ஒன்றே. நோயாளி பிழைத்தார் என்று சொன்னபோது படித்தவர்கள் அந்த முடிவை நல்லது என்றார்கள். இறந்தார் என்று சொன்னபோது அதே முடிவுக்கு மதிப்பெண் குறைந்தது. விளைவை வைத்து முடிவை அளக்கும் இந்தச் சாய்வுக்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு.

நான் வேலை பார்க்கிற தொழிற்சாலைத் துறையில் இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது. 'நியர் மிஸ்' அறிக்கை. கிரேனிலிருந்து ஒரு இரும்புத் துண்டு விழுகிறது, கீழே யாரும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அப்படியும் அதை எழுதியாக வேண்டும். யாருக்கும் அடிபடவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் கட்டு சரியாகப் போடப்பட்டிருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. காற்பந்தில் நாம் நியர் மிஸ் எழுதுவதில்லை. ஆள் செத்தால்தான் அறிக்கை.

*

அந்த அண்ணனின் இரண்டு தீர்ப்பையும் ஒதுக்கிவிட்டு, 58ஆவது நிமிடத்தில் பயிற்றுநர் டோல்லா சாலேவின் முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். களத்தில் நடந்த எல்லாமே அவர் போட்ட திட்டம் என்று சொல்ல முடியாது. ஓர் அணி பின்னால் இறங்குவதில் கொஞ்சம் திட்டம், கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் எதிரணியின் தள்ளல் எல்லாம் கலந்திருக்கும். ஆனால் கணக்கு திட்டமாகவே தெரியும்.

அவர் கையில் ஒரு கோல் முன்னிலை. ஆனால் அது சாதாரண ஒரு கோல் முன்னிலை இல்லை. வெளியூர் கோல் விதி இருந்தது. தாய்லாந்து புக்கிட் ஜாலிலில் ஒரே ஒரு கோல் அடித்தால் மொத்தம் 3-3. வெளியூரில் கோல் அடித்த அணி என்ற கணக்கில் கோப்பை அவர்களுக்கு. அதாவது, ஒரு தவறு நடந்தால் சமன்கூட இல்லை, நேரே தோல்வி. அந்த முன்னிலை தாங்கக்கூடிய தவறுகளின் எண்ணிக்கை: பூஜ்யம். மீதி இருந்தது 32 நிமிடம்.

இன்னொரு தகவலும் அவரிடம் இருந்தது. பேங்காக்கில் தாய்லாந்து அடித்த இரண்டு கோலும் 72ஆவது நிமிடத்திலும் 86ஆவது நிமிடத்திலும் விழுந்தவை. கடைசி இருபது நிமிடத்தில் ஓட்டம் குறையாத அணி அது என்பதை மூன்று நாட்களுக்கு முன்புதான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஒன்று தெளிவாகிறது. 3-0ஐ 32 நிமிடம் அடைகாப்பது என்பது ஒரு தவறுகூட நடக்காது என்று பந்தயம் கட்டுவது. நாலாவது கோல் விழுந்திருந்தால் மொத்தம் 4-2. அப்போது தாய்லாந்தின் முதல் கோல் நம்மைக் கொல்லாது. ஆகவே நாலாவதைத் தேடுவதுதான் தற்காப்பு. இது முரண் மாதிரி தெரியலாம், ஆனால் அந்த இரவின் கணக்கில் தாக்குதலும் தற்காப்பும் ஒரே திசையில்தான் இருந்தன. அண்ணனின் இரண்டாவது தீர்ப்பு சரி. அவர் அதைச் சொன்ன நேரம்தான் தப்பு. 75ஆவது நிமிடத்தில் சொல்லியிருந்தால் அது விமர்சனம். 90ஆவது நிமிடத்தில் சொன்னதால் வெறும் புலம்பல்.

டோல்லாவுக்காகவும் பேச வேண்டும். 0-2லிருந்து மீண்டு மூன்று கோல் அடிக்க 58 நிமிடம் ஓடிய கால்கள் அவை. அப்போது ஓர் ஆட்டத்துக்கு மூன்றே மாற்று ஆட்டக்காரர்கள்; இன்றுபோல் ஐந்து இல்லை. நாலாவதைத் தேட ஆசை இருந்தாலும் எரிபொருள் இருந்ததா என்பது நியாயமான கேள்வி. மேலும் அதே ஆள்தான் ஒன்பது நாட்களுக்கு முன்பு அரையிறுதியில், ஷா ஆலாமில் 1-2 என்று தோற்ற பிறகு, ஹனோய்க்குப் போய் முதல் பாதியிலேயே நான்கு கோல் அடித்த அணியின் பயிற்றுநர். அந்த ஆட்டம் 4-2. இரண்டாம் பாதியில் வியட்நாம் ஒரு கோல் அடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. தாங்குவதற்கு இடம் இருந்தது. மெத்தையை முதலில் போட்டுவிட்டுத்தான் படுத்தார்.

அப்படியானால் மெத்தை எங்கே கிழிந்தது? புக்கிட் ஜாலிலில் 82ஆவது நிமிடத்தில் என்று எல்லோரும் சொல்வோம். நான் பேங்காக்கில் 86ஆவது நிமிடத்தில் என்று சொல்வேன். 0-1 என்று அங்கிருந்து திரும்பியிருந்தால், சப்புய்யின் கோல் விழுந்த பிறகும் மொத்தம் 3-2 என்று நாம்தான் முன்னால். சனாதிப்பின் கோல் அப்போதும் கொன்றிருக்கலாம். ஆனால் 82க்கும் 87க்கும் இடையில் ஆடப்பட்டது வேறொரு ஆட்டமாக இருந்திருக்கும். மாமாக் கடையில் அன்று பேங்காக்கின் 86ஆவது நிமிடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைசியாக எரிந்த விளக்கைத்தான் நாம் பார்க்கிறோம், வயரிங் எங்கே தொடங்கியது என்று பார்ப்பதில்லை.

பிறகு 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10 என்று தோற்று டோல்லா பதவி விலகினார். அந்தப் பத்து கோல்கள் பின்னோக்கிப் போய் 2014ஐயும் கறுப்பாக்கிவிட்டன. இன்று அவர் பெயரைச் சொன்னால் ஹனோயின் நான்கு கோல் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

*

இனி கொஞ்சம் சங்கடமான இடம். கே. ராஜகோபால்.

2009இல் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கம். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணம். நம் வீடுகளில் அந்தப் பெயர் எப்படிச் சொல்லப்பட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதின்மூன்று வயது. அப்பா, "நம்ம ஆளுடா" என்றார். அதற்கு மேல் விமர்சனம் தேவைப்படவில்லை. அவர் எடுத்த முடிவெல்லாம் சரியாகவே இருந்தது, ஏன்னா அவர் ஜெயித்தார், அதோடு அவர் நம்ம ஆள்.

2010 இறுதிச் சுற்றை இப்போது கணக்காகப் பார்க்கிறேன். டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில் 3-0. டிசம்பர் 29, ஜகார்த்தாவின் குலோரா பூங் கர்னோ அரங்கம். முதல் பாதியில் இந்தோனேசியாவுக்கு ஒரு பெனால்டி. கைருல் ஃபாமி பிடித்துவிட்டார். 54ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி கோல். பிறகு 72ஆவது நிமிடத்திலும் 87ஆவது நிமிடத்திலும் இந்தோனேசியா கோல் அடித்தது. ஆட்டம் 1-2, மொத்தம் 4-2, கோப்பை நமக்கு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010இல் ஜகார்த்தாவில் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். 2014இல் புக்கிட் ஜாலிலில் கடைசி பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவது கோல் இரண்டு ஆட்டத்திலும் 87ஆவது நிமிடம்தான். கசிந்த தண்ணீர் ஒரே அளவு. ஒரு வீட்டில் வாளி இருந்தது, இன்னொரு வீட்டில் இல்லை. நாம் ஒருவரை மாவீரன் என்றோம், மற்றவரை மடையன் என்றோம்.

இதனால் ராஜகோபால் சின்னவராகிவிடுகிறாரா? இல்லை. அவரைப் பாராட்ட வேண்டிய இடம் மாறுகிறது, அவ்வளவுதான். 'கடைசி நேரத்தில் கட்டுக்கோப்பாகத் தற்காத்தார்' என்பது அந்த இறுதி ஆட்டத்தைப் பொறுத்தவரை பொய்ப் பாராட்டு. இரண்டு கோல் வாங்கிய தற்காப்பு அது. உண்மையான பாராட்டு வேறு. அதே போட்டியின் குழுச் சுற்றில், டிசம்பர் 1ஆம் தேதி, இதே ஜகார்த்தாவில் இதே இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடிவாங்கிய அணி அது. அந்த அரங்கத்தில் கதவு ஒருமுறை திறந்தால் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மூன்று கோல் முன்னிலையை வெறுமனே பொத்திக்கொண்டிருக்கும் ஆட்டமாக அது முடியவில்லை. சாஃபியின் கோலோடு அது நான்கானது. அதன் பிறகு இந்தோனேசியா சமன் செய்யவே நான்கு கோல் வேண்டும், 36 நிமிடத்தில். அந்த முன்னிலை மூன்று தவறைத் தாங்கும். இரண்டு நடந்தது.

தற்காப்பாகப் பாராட்ட வேண்டுமானால் அரையிறுதியைப் பாராட்டலாம். வியட்நாமை இங்கே 2-0 என்று வென்று, டிசம்பர் 18ஆம் தேதி ஹனோயில் 0-0. அன்று ஒரு தவறு நடந்திருந்தாலும் முன்னேறியிருப்போம். ஒன்றும் நடக்கவில்லை. மெத்தையும் இருந்தது, விழவும் இல்லை. அந்த 0-0ஐப் பற்றி யாரும் பாட்டுப் பாடவில்லை, கோல் இல்லாத ஆட்டம் என்பதால்.

'நம்ம ஆள்' என்பதற்காக ஒருவரைத் தப்பான காரணத்துக்குப் பாராட்டினால், அடுத்த தோல்வியில் அவரைக் காப்பாற்றச் சரியான காரணம் நம்மிடம் இருக்காது. விசுவாசம் மட்டும்தான் மிஞ்சும்.

*

ஜொகூர்காரன் ஜேடிடியைப் பற்றிப் பேசாமல் போனால் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

2015 அக்டோபர் 31. தஜிகிஸ்தானின் துஷான்பே. ஏ.எஃப்.சி. கிண்ண இறுதி ஆட்டம், எதிரணி இஸ்திக்லோல், அதுவும் அவர்களுடைய ஊரிலேயே. 23ஆவது நிமிடத்தில் லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ் கோல். பிறகு கோலே இல்லை. 1-0. அந்தக் கோப்பையை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி. பயிற்றுநர் அர்ஜென்டினாவின் மரியோ கோமெஸ்.

67 நிமிடம் ஒரு கோலை வைத்துக்கொண்டு வெளியூரில் நிற்பது. 2014இல் டோல்லாவிடம் இருந்ததும் ஒரு கோல் முன்னிலைதானே, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றில்லை. துஷான்பேயில் நடந்தது ஒற்றை ஆட்டம். இஸ்திக்லோல் ஒரு கோல் அடித்திருந்தால் 1-1, கூடுதல் நேரம். தோல்வி இல்லை. அதே 'ஒரு கோல்', ஆனால் தவறு நடந்தால் விழும் ஆழம் வேறு. அதனால் ஜேடிடியின் முடிவு கோப்பை கிடைத்ததால் சரியாகவில்லை. கிடைக்காமல் போயிருந்தாலும் நியாயமான முடிவாகவே இருந்திருக்கும். இந்த வாக்கியத்தை லார்கினில் உட்கார்ந்து சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

அந்தக் கோப்பையில் இன்னொன்றும் உண்டு. அரையிறுதியில் ஜேடிடிக்கு எதிராக இருந்தது குவைத்தின் அல் காட்சியா. குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் அந்த அணி வெளியேற, ஜேடிடி இறுதிக்குப் போனது. ரசிகர்களாகிய நாம் இதைக் கதையில் சேர்ப்பதில்லை. இது கோப்பையின் பளபளப்பைக் குறைக்கும் என்று பயம். குறைக்காது. அதிர்ஷ்டம் எந்த இடத்தில் வந்தது என்று குறித்து வைத்தால்தான் திறமை எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட முடியும். எல்லாமே திறமை என்று சொல்கிறவன் எதையும் பார்த்தவன் இல்லை.

*

இதுவரை, 'ஏன் அடைத்தாய்?' என்று கேட்கும் ஆட்டங்களைப் பார்த்தோம். 'ஏன் அடைக்கவில்லை?' என்று கேட்ட இரவு ஒன்றும் உண்டு.

2024 ஜனவரி, கத்தார். ஆசியக் கிண்ணம். 1980க்குப் பிறகு முதன்முறையாகத் தகுதிச் சுற்று வழியாக மலேசியா அங்கே போயிருந்தது. பயிற்றுநர் தென்கொரியாவின் கிம் பான் கோன். முதல் ஆட்டத்தில் ஜோர்டானிடம் 0-4. ஜனவரி 20, பஹ்ரைனோடு 0-0 என்று 90 நிமிடம் தாண்டியது. 95ஆவது நிமிடத்தில் அலி மடான் கோல். 0-1. போட்டியிலிருந்து வெளியே. என் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று இரவு ஒரே வாசகம்தான், பல எழுத்துப்பிழைகளோடு: கடைசி அஞ்சு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தியிருக்கலாம்ல?

கணக்கு என்ன சொல்கிறது? 0-0 என்றால் ஒரு புள்ளி, கோல் வித்தியாசம் மைனஸ் நான்கு, அடுத்தது தென்கொரியா. அந்த ஒரு புள்ளியோடு மேலே போக வேண்டுமானால் அநேகமாகத் தென்கொரியாவை வென்றாக வேண்டும். மாறாக, பஹ்ரைனை வென்றிருந்தால் மூன்று புள்ளி. மூன்றாம் இடத்தில் வரும் அணிகளில் நான்குக்கு இடம் இருந்த அந்தப் போட்டியில் மூன்று புள்ளிக்கு மதிப்பு உண்டு என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். இந்தோனேசியா மூன்று புள்ளியோடுதான் 16 அணிகளின் சுற்றுக்குப் போனது. ஆக, அந்தச் சமநிலையைப் பொத்திப் பாதுகாப்பதில் கிடைப்பது கொஞ்சம், வெற்றியைத் தேடுவதில் கிடைப்பது நிறைய. 95ஆவது நிமிடத்தில் விழுந்த கோல் அந்தத் தேடலுக்கான விலையாக இருந்தால் கொடுக்கத் தகுந்த விலைதான். 'பஸ்ஸை நிறுத்தியிருக்கலாம்' என்பது கோலைப் பார்த்த பிறகு எழுதிய கணக்கு.

ஐந்தே நாள் கழித்து, தென்கொரியாவோடு 3-3. ரோமெல் மொராலெஸின் கோல் விழுந்தது 90+15ஆவது நிமிடம். அதே குழுக்களில் கிம் இப்போது மேதை. ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணிக்கு அன்று எந்தத் துணிச்சலும் இலவசம் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. நானும் அன்று தொண்டை கட்டும் வரை கத்தினேன். கொண்டாடுவதற்கும் மதிப்பிடுவதற்கும் வேறு வேறு நேரம் உண்டு.

அந்த 90+15 வேறொன்றையும் சொல்கிறது. கூடுதல் நேரத்தைத் தாராளமாகக் கணக்கிடும் பழக்கம் 2022 உலகக் கிண்ணத்திலிருந்து வலுத்துவிட்டது. 2010இல் 80ஆவது நிமிடத்தில் 'அடை' என்று சொன்ன பயிற்றுநர் பதினாலு நிமிடத்துக்குத் திட்டம் போட்டார். இன்று அதே சொல்லைச் சொல்பவர் இருபத்தைந்து நிமிடத்துக்குப் போட வேண்டியிருக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் அவர்களுடைய ஃபுட்பாலில் இந்தச் சண்டை வருடா வருடம் நடக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணி கடைசியில் ஆட்களைப் பின்னால் பரப்பி, குட்டிக் குட்டிப் பாஸை விட்டுக்கொடுத்து, நீளப் பாஸை மட்டும் தடுக்கும்; 'பிரிவென்ட்' என்று பெயர். இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கும் வியாபாரம். ஆனால் அங்கே 2023 விதிமாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் எதிரணி முதல் பத்து யார்டைக் கடக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்கிறது. நேரம் மலிவாகும் இடத்தில் இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கினால் நட்டம். கடிகாரத்தின் விதியைப் பார்க்காமல் அடைப்பது நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

*

திருக்குறளை இழுத்தாலே மேடைப் பேச்சு வாசனை வந்துவிடும், தெரியும். இருந்தாலும் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் நான்கு அதிகாரங்களின் தலைப்பை மட்டும் பார்க்கலாம்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஒரு பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்வியும் இதில் இருக்கிறது. இந்த முடிவால் வருவது என்ன, போவது என்ன? என் கால்களிலும் அவன் கால்களிலும் மீதி எவ்வளவு? உண்மையில் எத்தனை நிமிடம் பாக்கி? எந்த ஊரில், களத்தின் எந்தக் கோட்டில் நிற்கப் போகிறேன்? நான்கையும் 80ஆவது நிமிடத்தில் கேட்கலாம். ஐந்தாவதாக 'ஜெயித்தானா?' என்று ஓர் அதிகாரம் அங்கே இல்லை. போதாததற்கு, ஆள்வினையுடைமையில், விதி கைகொடுக்காதது யாருக்கும் பழி இல்லை, அறிய வேண்டியதை அறிந்து முயலாததுதான் பழி என்றும் சொல்லிவிடுகிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய நியர் மிஸ் அறிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஓர் இலக்கிய இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டால், அந்த லோரி அண்ணன் நம் இலக்கியக் கூட்டங்களுக்கும் வருகிறார் என்பதால்தான். ஒரு நாவல் வரும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அதற்குப் பரிசு கிடைத்ததும் 'அப்பவே தெரியும்' என்கிறார். பரிசு கிடைக்காவிட்டால் அது காணாமல் போவதை 'அதில் ஒன்றுமில்லை' என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். எழுதியவர் நம்ம ஊர், நம்ம பள்ளி, நம்ம ஆள் என்றால் கணக்கே வேண்டாம். பரிசு என்பது 87ஆவது நிமிடத்துக் கோல் மாதிரி. நடந்தது என்று மட்டும் சொல்லும். அதற்கு முந்தைய பக்கங்களில் எழுத்தாளர் என்ன தெரிந்து என்ன தேர்ந்தார் என்பதைப் படித்தவன்தான் சொல்ல வேண்டும், அதுவும் முடிவு வரும் முன்பே.

கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆட்டம் 80ஆவது நிமிடத்தைத் தொடும்போது கைப்பேசியில் ஒரு வரி எழுதி வைப்பது. முன்னிலை எத்தனை தவறைத் தாங்கும், நான் பயிற்றுநராக இருந்தால் என்ன செய்வேன், ஏன். ஆட்டம் முடிந்த பிறகு அதைத் திருத்தக் கூடாது. பல நாள் அந்த வரியைத் திரும்பப் படிக்கும்போது அசிங்கமாக இருக்கிறது. ஜேடிடி ஆட்டங்களில் நான் எழுதுவது எப்போதும் கொஞ்சம் பயந்தாங்கொள்ளித்தனமாகவே இருக்கிறது. மற்ற அணிகளுக்கு அதைவிடத் தைரியமாக அறிவுரை சொல்கிறேன். இதுவும் எனக்கு முன்பு தெரியாது.

போன மாதம் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தில் பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான், "என்ன அண்ணே, கோல் அடிக்கப் போற நேரத்துல போன்ல நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

"தீர்ப்பு எழுதுறேன்டா," என்றேன்.

"இன்னும் மேட்ச் முடியலையே?"

"அதான்."